வெயிலும் புழுக்கமும்

கோடை தொடங்கிவிட்டால் நம் வீடுகளில் நாள்தோறும் ஒரு கேள்வி பிறக்கும். "இன்று எத்தனை டிகிரி?" என்பார் ஒருவர். "நாற்பது" என்று விடை வந்தால் கேட்டவர் அப்போதே வியர்வையைத் துடைத்துக்கொள்வார். "முப்பத்திரண்டுதான்" என்று விடை வந்தால் ஆறுதல் கொள்வார். வெப்பமானி காட்டும் எண்ணே வெக்கையின் முழு அளவு என்னும் நம்பிக்கை நம்மிடம் அவ்வளவு ஆழமாக வேரூன்றியிருக்கிறது. அந்நம்பிக்கை பாதி உண்மைதான். மறுபாதியை மறந்ததனால் நான் ஒருமுறை பெரும்பிழை செய்தேன். அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

2006ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம். கடலோரத்து ஊர் ஒன்றில் நான் தலைமையாசிரியனாகப் பொறுப்பேற்று ஓராண்டு ஆகியிருந்தது. சுதந்திர தின அணிவகுப்புக்கு மாணவர்கள் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தனர். முந்தின இரவு மழை பெய்திருந்தது. வானம் மூடிக்கிடந்தது, மரத்தில் ஓர் இலையும் அசையவில்லை. முற்பகல் பத்து மணியளவில் உடற்பயிற்சி ஆசிரியர் என் அறைக்கு வந்தார். "ஐயா, புழுக்கம் தாங்க முடியவில்லை. பிள்ளைகளை வகுப்புக்கு அனுப்பிவிடலாமா?" என்று கேட்டார். நான் சுவரில் தொங்கிய வெப்பமானியைப் பார்த்தேன். அது 32 டிகிரி செல்சியஸ் காட்டியது. "முப்பத்திரண்டுதானே, சார். வெயிலும் இல்லை. இன்னும் அரைமணி நேரம் நடக்கட்டும்" என்றேன்.

அந்த அரைமணி முடிவதற்குள் பத்தாம் வகுப்பு மாணவன் ஒருவன் வரிசையிலிருந்து விலகித் தள்ளாடி விழுந்தான். ஓடிச்சென்று தொட்டேன். உடல் நெருப்பாகச் சுட்டது. தடித்த சீருடை பிழிந்தெடுக்கும் அளவுக்கு நனைந்திருந்தது. பெயரைக் கேட்டதற்கு ஏதோ பொருந்தாத விடை சொன்னான். நாங்கள் திகைத்து நிற்க, பள்ளிக் காவலர் அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு கிணற்றடிக்கு ஓடினார். வாளி வாளியாக நீரை ஊற்றினார். பிறகு மருத்துவமனைக்குக் கொண்டு சென்றோம். மூன்றாம் நாள் அவன் நலமாக வீடு திரும்பினான். அந்த மூன்று நாளும் நான் உறங்கவில்லை.

இடையில் ஒருநாள் எங்கள் ஆய்வுக்கூடத்துக்குச் சென்றேன். அங்கே சுவரில் ஈரக்குமிழ், உலர்குமிழ் வெப்பமானி தொங்கிக்கொண்டிருந்தது. அதன் கிண்ணம் வறண்டு, குமிழைச் சுற்றிய துணி பழுப்பேறிக் கிடந்தது. அக்கருவியைப் படமாக வரைந்து பாகங்களைக் குறிக்கச் சொல்லி ஆண்டுதோறும் மாணவர்களுக்குப் பாடம் நடத்தியவன் நான். அதற்கு நீரூற்றி ஒருமுறை பார்த்திருந்தால், மைதானத்திலிருந்து வந்த ஆசிரியரின் சொல்லை நான் தட்டியிருக்க மாட்டேன். அக்கருவி சொல்லும் செய்தி என்ன என்பதே இன்றைய என் பேச்சு.

நம் உடல் அணையாத ஓர் அடுப்பு. உண்ட உணவு உள்ளே எரிந்துகொண்டே இருக்கிறது. நாம் சும்மா உட்கார்ந்திருக்கும்போதே ஏறத்தாழ 100 வாட் விளக்கு வெளியிடும் அளவுக்கு வெப்பம் உடலில் உண்டாகிறது. ஓடினாலும் சுமை தூக்கினாலும் அது பல மடங்காகப் பெருகும். ஆயினும் உடலின் உள்வெப்பம் 37 டிகிரியை ஒட்டியே நிற்கவேண்டும். ஆதலால் உண்டாகும் வெப்பம் அவ்வப்போது வெளியேறியாகவேண்டும். கோடையில் தோலின் வெப்பநிலை ஏறத்தாழ 35 டிகிரி இருக்கும். வெளிக்காற்று அதைவிடக் குளிர்ச்சியாக இருந்தால் வெப்பம் தானே காற்றுக்குச் செல்லும். காற்று 32 டிகிரிக்கு ஏறிவிட்டால் இடைவெளி மூன்றே டிகிரி. அவ்வழியாகச் செல்லும் வெப்பம் மிகச் சிறிது. காற்று 35 டிகிரியைத் தாண்டிவிட்டாலோ வெப்பம் எதிர்த்திசையில், காற்றிலிருந்து உடலுக்குள் வரத் தொடங்கும். அப்போது எஞ்சி நிற்கும் வழி ஒன்றே ஒன்று. அதுதான் வியர்வை.

வியர்வை எவ்வாறு குளிர்ச்சி தருகிறது? நீர் நீராவியாக மாறுவதற்கு வெப்பம் வேண்டும். அதனை உள்ளுறை வெப்பம் என்று படித்திருப்பீர்கள். ஒரு கிராம் வியர்வை தோலின்மேல் ஆவியாகும்போது ஏறத்தாழ 580 கலோரி வெப்பத்தை உடலிலிருந்து எடுத்துச் செல்கிறது. ஒரு லிட்டர் வியர்வை முழுதும் ஆவியானால், பனிக்கட்டிபோல் குளிர்ந்த ஆறு லிட்டர் நீரை ஏறக்குறைய கொதிக்கவைக்கப் போதுமான வெப்பம் நம்மைவிட்டு நீங்கிவிடும். எத்துணை அரிய ஏற்பாடு! ஆனால் இங்கே ஒரு நிபந்தனை உண்டு. வியர்த்தால் மட்டும் போதாது, வியர்வை ஆவியாகவேண்டும். சொட்டித் தரையில் விழும் வியர்வை நம்மைக் குளிர்விப்பதில்லை. மறைந்துபோகும் வியர்வையே குளிர்விக்கிறது. அன்று அந்த மாணவனின் சட்டை நனைந்திருந்தது என்றேன் அல்லவா? அந்நனைவு குளிர்ச்சியின் அடையாளமன்று. குளிர்ச்சி நடைபெறவில்லை என்பதற்கே அடையாளம்.

இதனை விளக்கும் பழைய சோதனை ஒன்று உண்டு. 1774ஆம் ஆண்டு லண்டன் நகரில் சார்லஸ் பிளாக்டன் என்னும் மருத்துவர், ஜார்ஜ் போர்டைஸ், ஜோசப் பேங்க்ஸ் முதலிய நண்பர்களோடு, அடுப்பினால் சூடேற்றிய உலர்ந்த அறைகளுக்குள் சென்றுவந்தார். தொடர்ந்து நடந்த சோதனைகளில் அறையின் வெப்பம் 260 டிகிரி பாரன்ஹீட் வரை ஏற்றப்பட்டது. செல்சியஸ் கணக்கில் அது ஏறத்தாழ 127 டிகிரி; நீரின் கொதிநிலையைக் காட்டிலும் மிகுதி. அவ்வறையில் வைத்த முட்டை வெந்து இறுகியது, இறைச்சி வெந்தது. உள்ளே சில நிமிடங்கள் இருந்த மனிதர் மட்டும் நலமாகத் திரும்பினர்.

இதைவிட வியப்பானது அவர் அதே அறையில் வைத்த இரண்டு நீர்ப் பாத்திரங்களின் கதை. ஒன்றில் வெறும் நீர். மற்றொன்றில் நீரோடு சிறிது மெழுகு. வெறும் நீர் 140 டிகிரி பாரன்ஹீட், அதாவது 60 டிகிரி செல்சியஸ் அளவில் நின்றுவிட்டது. நேரம் கடந்தும் அது கொதிக்கவில்லை. மெழுகு உருகி மேலே ஏடுபோல் படர்ந்த பாத்திரத்தில் நீர் அதைவிடச் சூடேறியது. பிறகு வெறும் நீரின்மேலும் சிறிது எண்ணெயை விட்டார்கள். இறுதியில் இரண்டு பாத்திரங்களும் தளதளவென்று கொதித்தன! திறந்த நீர் தன்னிலிருந்து ஆவியை விட்டு விட்டுத் தன்னைக் காத்துக்கொண்டது. எண்ணெய் ஏடு அவ்வழியை அடைத்தவுடன் அதன் காவல் போயிற்று.

மாணவர்களே, ஈரம் நிறைந்த காற்று நம்மேல் படர்ந்த எண்ணெய் ஏடு போன்றது. முழுவதும் அடைப்பதில்லை, ஆனால் வழியைக் குறுக்கிவிடுகிறது. எவ்வளவு குறுக்குகிறது என்பதைக் கணக்கிட்டே பார்க்கலாம்.

காற்று தாங்கக்கூடிய நீராவிக்கு ஓர் உச்ச அளவு உண்டு. வெப்பம் ஏற ஏற அவ்வளவும் ஏறும். ஒரு கன மீட்டர் காற்றில் 20 டிகிரியில் ஏறத்தாழ 17 கிராம், 30 டிகிரியில் 30 கிராம், 40 டிகிரியில் 51 கிராம் நீராவி இருக்க முடியும். இருக்கக்கூடிய அளவில் நூற்றுக்கு எத்தனை பங்கு உண்மையில் இருக்கிறது என்பதையே ஒப்பு ஈரப்பதம் என்கிறோம்.

இப்போது இரண்டு நாள்களை எடுத்துக்கொள்வோம். ஒன்று, கத்திரி வெயில் காலத்தில் வேலூர்போன்ற உள்நாட்டு ஊரின் பிற்பகல். வெப்பம் 40 டிகிரி, ஒப்பு ஈரப்பதம் 20 விழுக்காடு எனக் கொள்வோம். ஒரு கன மீட்டர் காற்றில் உள்ள நீராவி 10 கிராம். மற்றொன்று, நாகப்பட்டினம்போன்ற கடலோர ஊரில் மூட்டமான ஒரு நாள். வெப்பம் 32 டிகிரி, ஈரப்பதம் 70 விழுக்காடு எனக் கொள்வோம். நீராவி ஏறத்தாழ 24 கிராம். நம் தோலை ஒட்டி, வியர்வையில் தோய்ந்து நிற்கும் மெல்லிய காற்றுப்படலத்திலோ, 35 டிகிரிக்கு உரிய முழு அளவாகிய 40 கிராம் இருக்கும். மேட்டிலிருந்து பள்ளத்துக்கு நீர் பாய்வதுபோல, நீராவி மிகுதியான இடத்திலிருந்து குறைந்த இடத்துக்குச் செல்லும். முதல் ஊரில் மேட்டுக்கும் பள்ளத்துக்கும் உள்ள வேறுபாடு 30 கிராம். இரண்டாம் ஊரில் அது 16 கிராம்தான். அதாவது, வெப்பமானி எட்டு டிகிரி குறைவாகக் காட்டும் அந்நாளில், வியர்வையை இழுத்துச் செல்லும் ஆற்றல் ஏறக்குறைய பாதியாகிவிடுகிறது. காற்றும் அசையாமல் நின்றுவிட்டால் தோலை ஒட்டிய ஈரப்படலம் அங்கேயே தங்கிவிடும். நிலைமை இன்னும் கேடாகும்.

தமிழில் இந்நிலைக்குப் புழுக்கம் என்று பெயர் வைத்தார்கள். நெல்லை நீராவியில் அவிப்பதைப் புழுக்குதல் என்கிறோம்; அவ்வாறு பெறுவது புழுங்கல் அரிசி. ஆவியில் வேகும் நெல்லின் நிலையும், ஈரக் காற்றில் அகப்பட்ட மனிதனின் நிலையும் ஒரே சொல்லில் அடங்கியிருப்பதைக் கவனியுங்கள். வெயில் வேறு, புழுக்கம் வேறு என்பதை நம் பேச்சுமொழி என்றோ உணர்ந்திருக்கிறது.

அடுக்களையில் உள்ள மண்பானையும் இதற்குச் சான்று. பானையின் நுண்துளைகள் வழியாகக் கசியும் நீர் ஆவியாகும்போது உள்ளிருக்கும் நீர் குளிர்கிறது. வறண்ட மேல்காற்று வீசும் நாளில் பானைத் தண்ணீர் பல்லைக் கூச வைக்கும். புழுக்கமான நாளில் அதே பானை, அதே இடம்; தண்ணீரில் குளிர்ச்சி இராது. வட இந்தியாவின் வறண்ட ஊர்களில் நன்கு பயன்படும் நீர்க்குளிர்விப்பான் சென்னையில் அவ்வளவாகப் பயன்படாமைக்கும் இதுவே காரணம். பானைக்கு நேர்வதே நம் உடலுக்கும் நேர்கிறது.

இனி அந்தக் கருவிக்கு வருவோம். ஒரே மாதிரியான இரண்டு வெப்பமானிகள். ஒன்றின் குமிழ் உலர்ந்திருக்கும். மற்றொன்றின் குமிழை ஈரத்துணி சுற்றியிருக்கும். துணியிலுள்ள நீர் ஆவியாவதால் ஈரக்குமிழ் குறைந்த வெப்பத்தைக் காட்டும். வியர்த்த தோல் எவ்வளவு குளிர முடியும் என்பதை நமக்காக முன்கூட்டிச் சோதித்துப் பார்க்கும் ஓர் உறுப்பு என்றே அதைக் கருதலாம். நான் சொன்ன வறண்ட நாளில் உலர்குமிழ் 40 டிகிரி காட்டும். ஈரக்குமிழ் 22 டிகிரிதான் காட்டும். பதினெட்டு டிகிரி வேறுபாடு! ஆய்வுக்கூடக் கருவிக்கு நான் நீரூற்றி வைத்த மறுநாளும் அதே மூட்டமாக இருந்தது. காலை பத்து மணிக்குப் பார்த்தேன். உலர்குமிழ் 32, ஈரக்குமிழ் 27. வேறுபாடு ஐந்தே டிகிரி. என் அறைச் சுவரில் இருந்த வெப்பமானி பொய் சொல்லவில்லை. நான்தான் அதனிடம் பாதிக் கேள்வியைக் கேட்டிருந்தேன்.

அறிஞர்கள் இதனைப் பல முறை நிறுவியிருக்கிறார்கள். இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதிச் சுரங்கங்களில் வெப்பமும் ஈரமும் மிகுந்த சூழலை ஆராய்ந்த ஜே. எஸ். ஹால்டேன், 1905இல் தம் முடிவுகளை வெளியிட்டார். மனிதனின் தாங்கும் ஆற்றலை முடிவு செய்வது உலர்குமிழ் அன்று, ஈரக்குமிழே என்றார். அசையாத காற்றில் ஈரக்குமிழ் ஏறத்தாழ 31 டிகிரியைத் தாண்டினால், ஓய்வாக இருப்பவனின் உடல்வெப்பமும் ஏறத் தொடங்கும் என்று கண்டார். உழைப்பவனுக்கு அந்த எல்லை இன்னும் கீழேதான். 1957இல் யாக்லூ, மினார்டு என்னும் இருவர் அமெரிக்கப் படைப்பயிற்சி முகாம்களுக்காக ஒரு கூட்டு அளவை வகுத்து வெளியிட்டனர். அதில் பத்துப் பங்கில் ஏழு பங்கு ஈரக்குமிழுக்கு. இரண்டு பங்கு வெயிலின் கதிர்வீச்சைக் காட்டும் கருங்கோளத்துக்கு. உலர்குமிழுக்கோ ஒரே பங்குதான்! அணிவகுப்புப் பயிற்சி நடத்தும் பள்ளி ஒவ்வொன்றும் அறிந்திருக்கவேண்டிய கணக்கு இது.

1979இல் ஸ்டெட்மன் என்பவர் புழுக்கத்தை மதிப்பிடுதல் பற்றி எழுதிய கட்டுரை, இன்று வழங்கும் வெப்பக் குறியீட்டுக்கு அடிப்படையாயிற்று. வெப்பத்தையும் ஈரத்தையும் இணைத்து, உடல் உணரும் வெக்கையை ஒரே எண்ணாகச் சொல்வது அது. அதன்படி 32 டிகிரி வெப்பம் 40 விழுக்காடு ஈரப்பதத்தில் 33 டிகிரிபோலத் தோன்றும். 70 விழுக்காட்டிலோ 41 டிகிரிபோலத் தோன்றும். அதுவும் நிழலில் இருப்பவருக்கு உரிய கணக்கு.

நம் காலத்தில் இக்கேள்வி மேலும் கடுமையாகியிருக்கிறது. ஈரக்குமிழ் 35 டிகிரியை எட்டிவிட்டால் உடல் எவ்வழியாலும் வெப்பத்தை வெளியேற்ற இயலாது என்று 2010இல் வெளியான ஆராய்ச்சி ஒன்று எடுத்துக்காட்டியது. 2022இல் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தார் நல்ல உடல்நலமுள்ள இளைஞர்களையே சோதித்தனர். ஈரம் மிகுந்த சூழலில், எளிய வேலை செய்யும்போதே, அவர்களின் எல்லை ஏறத்தாழ 31 டிகிரியாக இருந்தது. முதியோருக்கும் நோயாளிக்கும் அது இன்னும் குறைவாகவே இருக்கும். உலகம் ஒரு டிகிரி வெப்பமடைந்தால் காற்று தாங்கும் நீராவி ஏறத்தாழ 7 விழுக்காடு கூடும் என்பதையும் இதனோடு சேர்த்து எண்ணுங்கள்.

இந்திய வானிலை ஆய்வுத் துறை வெப்ப அலையைக் கணிக்கும்போது சமவெளிக்கு 40 டிகிரியையும் கடலோரத்துக்கு 37 டிகிரியையும் தொடக்க அளவாகக் கொள்கிறது. கடலோரத்துக்கு அளவு குறைவாக இருப்பது கவனிக்கத்தக்கது. எனினும், 32 டிகிரியில் புழுங்கிய அந்த ஆகஸ்டு நாள் இவ்வளவுக்குள் வராது. ஆதலால்தான் 2023 முதல் அத்துறை வெப்பக் குறியீட்டையும் சோதனை முறையில் வெளியிடத் தொடங்கியது. 2024இல் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது.

இவ்விடத்தில் இரண்டு தவறான முடிவுகளுக்கு நீங்கள் வந்துவிடக் கூடாது. வறண்ட வெயில் தீங்கற்றது என்று நான் சொல்லவில்லை. அங்கே வியர்வை கண்ணுக்குத் தெரியாமலே ஆவியாகிவிடும். நீரிழப்பை உணராமலே மயங்கி விழுந்தவர் பலர். அடுத்தது, ஒப்பு ஈரப்பதத்தை மட்டும் பார்த்து அஞ்சவும் வேண்டாம். விடியற்காலையில் அது 85 விழுக்காடு இருக்கும்; காற்று குளிர்ந்திருப்பதால் நமக்குத் துன்பம் இராது. பகலில் வெப்பம் ஏற ஏற அவ்விழுக்காடு இறங்கும். காற்றிலுள்ள நீராவி குறைந்துவிட்டது என்பது அதற்குப் பொருளன்று. இரண்டு எண்களையும் சேர்த்தே பார்க்கவேண்டும். அல்லது இரண்டையும் தன்னுள் அடக்கிய ஈரக்குமிழைப் பார்க்கவேண்டும்.

புழுக்கமான நாளில் செய்யத்தக்கவை எளியவை. உழைப்பையும் விளையாட்டையும் குறையுங்கள். ஏனெனில் உள்ளடுப்பை அடக்குவதே முதற்காப்பு. காற்றோட்டத்தைத் தேடுங்கள், விசிறி தோலை ஒட்டிய ஈரப்படலத்தை விலக்குகிறது. காற்றே 40 டிகிரிக்கு மேல் சுடும்போது மட்டும் விசிறியை நம்பி இருந்துவிட வேண்டாம். மெல்லிய, தளர்ந்த பருத்தி ஆடை உடுத்துங்கள். தாகம் எடுக்குமுன்பே நீர் பருகுங்கள். உடல் மிகச் சுட்டு, ஒருவர் பேச்சுக் குழறினாலோ நினைவு தடுமாறினாலோ அது வெப்பத்தாக்கு என்று கொண்டு 108க்குத் தகவல் சொல்லுங்கள். நிழலில் கிடத்தி, ஆடையைத் தளர்த்தி, குளிர்ந்த நீரை உடல்முழுதும் ஊற்றிக்கொண்டே விசிறுங்கள். நினைவு தெளியாதவர் வாயில் நீர் புகட்டாதீர்கள். எங்கள் காவலர் எந்த நூலும் படித்தவரல்லர். ஆயினும் வியர்வையால் செய்ய இயலாததைக் கிணற்று நீரால் செய்தார். அவர் செய்ததே அன்று செய்யவேண்டியது.

உங்கள் பள்ளி ஆய்வுக்கூடத்திலும் அக்கருவி எங்கேனும் தொங்கிக்கொண்டிருக்கும். நாளைக் காலை அதன் கிண்ணத்தில் நீர் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையெனில் ஊற்றுங்கள். பழைய துணியை மாற்றுங்கள். ஒரு மாதம் நாள்தோறும் ஒரே நேரத்தில் இரு குமிழ்களையும் பார்த்துக் கரும்பலகையின் ஓரத்தில் எழுதிவையுங்கள். அருகே, அன்று உங்கள் உடல் எவ்வாறு உணர்ந்தது என்பதையும் ஒரு சொல்லில் எழுதுங்கள். இரண்டும் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று நீங்களே காண்பீர்கள். பிறகு ஒருநாள், "முப்பத்திரண்டுதானே" என்று உங்கள் தலைமையாசிரியர் சொன்னால், "ஐயா, ஈரக்குமிழ் எவ்வளவு?" என்று பணிவோடு கேளுங்கள். அக்கேள்வியை அன்று என்னிடம் எவரும் கேட்கவில்லை. கேட்கும்படி நான் எவருக்கும் கற்பித்திருக்கவும் இல்லை.